உதிராத கதிர்



சென்ற வாரம் வந்த தபால்களில் ஓர் உறை மட்டும் நடுவில் சற்றே புடைத்திருந்தது. பிரித்தேன். நான்காக மடித்த நோட்டுத் தாள். அந்த மடிப்புக்குள் ஒரு புல்லின் கதிர். சுண்டுவிரல் நீளம், பென்சில் பருமன், காய்ந்த பொன்னிறம். தாளில் நீல மையில் குண்டு குண்டான கையெழுத்து. தாராபுரம் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார்.

"ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் வேலியோரம் இந்தப் புல் கும்பலாக முளைத்திருக்கிறது. பார்த்தால் தினைக் கதிர் போலவே இருக்கிறது. நான் பிறந்தது கொல்லிமலை அடிவாரம். சிறுவயதில் அம்மா தினை விதைத்ததைப் பார்த்தவள். இது தினைதானா? இல்லையென்றால் ஏன் தினையின் சாயலில் இருக்கிறது? பேத்தி கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

கதிரைக் கையில் எடுத்தேன். எடையே இல்லை. முடி முடியாகத் துய் மட்டும் தண்டில் நின்றது. மணி ஒன்றுகூட அதில் இல்லை. உறையைக் கவிழ்த்துத் தட்டினேன். வெளிறிய சிறு மணிகள் இருபது முப்பது மேசையில் உருண்டன. தாராபுரத்திலிருந்து இங்கு வருவதற்குள் கதிர் தன் மணிகளையெல்லாம் விட்டுவிட்டிருக்கிறது.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதிலும் அதுதான். இது தினை அல்ல. தினையாக இருந்திருந்தால் மணிகள் கதிரிலேயே இருந்திருக்கும். ஆனாலும் சாயல் பொய் சொல்லவில்லை. இது தினையின் நெருங்கிய சொந்தம். ஒரே குடும்பத்தில் ஒன்று வேலியோரமே தங்கிவிட்டது. இன்னொன்று வயலுக்குள் வந்து, நம் உலைக்கும் வந்தது. இரண்டும் எங்கே பிரிந்தன என்பதை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

இந்தக் குடும்பத்தைத் தாவரவியலில் செட்டேரியா என்ற பேரினம் என்பார்கள். லத்தீனில் 'சீட்டா' என்றால் விறைப்பான முடி. ஆங்கிலத்தில் நரிவால் புல் என்கிறார்கள். சீனர்களும் ஜப்பானியர்களும் அதே கதிரில் நாயின் வாலைக் கண்டார்கள். ஜப்பானியப் பிள்ளைகள் அதைப் பறித்துப் பூனைக்கு முன்னால் ஆட்டி விளையாடுவதால், பூனைச் சீண்டி என்ற பொருளில் ஒரு செல்லப் பெயரும் அங்கே உண்டு.

நம் கபிலர் இந்தக் குடும்பத்தின் பயிரைப் பார்த்தபோது நரியும் நாயும் அவர் நினைவுக்கு வரவில்லை. குறிஞ்சிப்பாட்டில், முற்றி வளைந்த தினைக் கதிரை யானையின் தொங்கும் துதிக்கையாக அவர் காட்டுகிறார். மணி நிறைந்து கனத்து, நுனி மெல்ல மடங்கித் தொங்கும் ஒரு கதிரை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த உவமை எவ்வளவு சரி என்பது தெரியும். வேலியோரப் புல்லின் கதிர் நிமிர்ந்து நிற்கும்; அதை வால் என்றால் பொருந்தும். தினைக் கதிருக்குப் பாரம் உண்டு. அதற்குத் துதிக்கைதான் பொருத்தம். காட்டுக் கதிருக்கும் வயல் கதிருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த இரண்டு உவமைகளுக்குள் அடங்கிவிடுகிறது.

கதிரில் முடிபோல் நீட்டிக்கொண்டிருப்பதைத் 'துய்' என்றார்கள் நம் முன்னோர். நெல்லிலும் வாற்கோதுமையிலும் காணும் கூர் மணியின் உமியிலிருந்தே நீள்வது. துய் அப்படிப்பட்டதல்ல. அது ஒரு கிளை. கதிர் உருவாகும் இளம் பருவத்தில் சில கிளைகள் மணி பிடிக்கின்றன. சில கிளைகள் மணி பிடிக்காமல் மெலிந்து, நீண்டு, முடியாகிவிடுகின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் அடியில் இந்தக் கிளைகள் வேலி கட்டி நிற்பது தெரியும். நீண்ட துய் உள்ள கதிரில் குருவிகள் எளிதாகக் கொத்துவதில்லை என்பது உழவர்களின் அனுபவம். காய்க்காமல் போன கிளைகள், காய்த்த கிளைகளுக்குக் காவலாக நிற்கின்றன.

மணி முற்றியதும் ஒவ்வொரு புல்லும் தன் பிள்ளைகளை ஒவ்வொரு விதமாக வழியனுப்புகிறது. இந்தப் புற்களை இனம் காண்பதற்கு எனக்குத் தெரிந்த எளிய வழி அதைக் கவனிப்பதுதான்.

உறையில் வந்தது மஞ்சள் நரிவால். ஒவ்வொரு மணிக்கும் அடியில் நான்கைந்துக்கு மேல் பொன்னிறத் துய் இருக்கும். இலை தொடங்கும் இடத்தில் நீளமான முடிகள் சில தெரியும். மணி முற்றியவுடன் காம்பிலிருந்து தானாகக் கழன்று விழும். துய் கதிரிலேயே தங்கிவிடும். அதனால்தான் உறைக்குள் மணி வேறாகவும் துய் வேறாகவும் கிடந்தன.

இன்னொன்றை உங்களில் பலர் பெயர் தெரியாமலே வீட்டுக்கு அழைத்து வந்திருப்பீர்கள். தோட்டத்திலோ வாய்க்கால் மேட்டிலோ நடந்துவிட்டு வந்தால் சேலைக் கரையிலும் வேட்டி ஓரத்திலும் கதிரோடு ஒட்டிக்கொண்டு வருமே, அந்தப் புல். அதன் துய்யில் உள்ள நுண்ணிய பற்கள் கீழ்நோக்கி வளைந்தவை. விரலால் சோதித்துப் பாருங்கள். மஞ்சள் நரிவாலை அடியிலிருந்து நுனிக்கு நீவினால் வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து அடிக்கு வந்தால் சொரசொரக்கும். ஒட்டும் புல்லில் இது தலைகீழ். அடியிலிருந்து நுனிக்கு இழுக்கும்போது விரலைப் பிடிக்கும். தன் பிள்ளைகளை ஊர் தாண்டி அனுப்ப அது ஆட்டின் ரோமத்தையும் நம் துணியையும் நம்பியிருக்கிறது.

இந்த ஒட்டும் புல்லைப் பற்றித் தெரிந்துகொண்ட நாளில் நான் வெகுநேரம் வியந்துபோயிருந்தேன். கர்நாடகத்தில் பல்லாரிக்கு அருகே சங்கனகல்லு என்ற இடத்தில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்த குன்றுகள் இருக்கின்றன. அங்கும் அதைச் சுற்றிய தென்னிந்தியக் கற்கால ஊர்களிலும் கரியாகி எஞ்சிய தானியங்களை ஆய்வாளர்கள் சலித்தெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அம்மக்கள் உண்ட முக்கியமான சிறுதானியங்கள் இரண்டு. ஒன்று, இன்று குலசாமை என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது. மற்றொன்று, நம் துணியில் ஒட்டுகிற இதே புல். நாம் எரிச்சலோடு பிய்த்து எறிகிற இந்தக் கதிரை ஒரு காலத்தில் நம் மண்ணின் தாய்மார்கள் குத்திப் புடைத்துப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டிருக்கிறார்கள். இனி அதைத் துணியிலிருந்து எடுக்கும்போது சற்று மென்மையாக எடுங்கள்.

மூன்றாவது புல், கடிதம் எழுதிய அம்மாவின் ஊருக்கே உரியது. தாராபுரம், காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்தில் கிளுவை வேலி கட்டிய கொரங்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிற்க, காங்கேயம் மாடுகள் மேயும் அந்தக் காடுகளின் உயிர் கொழுக்கட்டைப் புல். இதன் கதிரும் பஞ்சுபோல் துய் போர்த்திய வால்தான். ஆங்கிலத்தில் ஆப்பிரிக்க நரிவால் என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. இது செட்டேரியா அல்ல, கம்புக்கு நெருங்கிய இனம். இதன் மணி தனியாக விழாது. தன்னைச் சுற்றிய துய்யையும் போர்வைபோல் எடுத்துக்கொண்டு போகும். காற்று அந்தப் போர்வையோடு அதை உருட்டிச் செல்லும். கதிர் உதிர்ந்த பின் தண்டு மொட்டையாக நிற்கிறதா, துய்யோடு நிற்கிறதா என்று பாருங்கள். மொட்டையாக நின்றால் கொழுக்கட்டை வகை. துய் நின்றால் தினை வகை.

மழை பொய்த்த ஆண்டிலும் வேரில் உயிரைப் பிடித்து வைத்திருந்து, ஒரு மழை விழுந்தால் துளிர்த்துவிடுகிற இந்தப் புல்லைக் கொங்கு உழவர்கள் செல்வமாகப் போற்றுகிறார்கள். இதே புல்தான் ஆஸ்திரேலியாவின் நடுநிலத்திலும் அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்திலும் கவலைக்குரிய களையாகிவிட்டது. அங்கே மேய்ச்சலுக்கென்று கொண்டுபோய் வளர்த்தார்கள். அது செடிகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தையெல்லாம் நிரப்பியது. காய்ந்தால் தீ பிடிக்கிறது. தீக்குப் பின் தான் மட்டும் துளிர்த்துக்கொள்கிறது. தீயையே அதிகம் பார்த்திராத சகுவாரோ என்ற பெரிய கள்ளிகள் கருகிப்போகின்றன. ஒரு புல் நல்லதா கெட்டதா என்று கேட்டால், எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்களுக்காக ஒரு செய்தி. கலிபோர்னியாவில் நரிவால் என்று பயந்து பேசுவார்கள். அங்கே அது பெரும்பாலும் காட்டு வாற்கோதுமை. அதன் கதிர் காய்ந்து துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் முன்னேறத்தான் முடியும், திரும்ப முடியாது. மண்ணுக்குள் இறங்குவதற்காக அமைந்த அந்த வடிவம், நாயின் காதிலோ மூக்கிலோ கால்விரல் இடுக்கிலோ புகுந்துவிட்டால் தசைக்குள்ளும் இறங்கிக்கொண்டே போகும். கோடையில் நாயை வெளியே அழைத்துப் போய் வந்தால் பாதங்களையும் காதுகளையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

விழுவது, ஒட்டுவது, உருள்வது, துளைப்பது என்று புற்கள் தங்கள் மணிகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அனுப்பாவிட்டால் அவற்றின் குலம் தழைக்காது. தினை மட்டும் அனுப்பவில்லை. முற்றிய பிறகும் மணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. காட்டில் இது பெரும் குறை. அப்படி ஒரு செடி தற்செயலாகப் பிறந்தால் அதன் மணிகள் கதிரிலேயே கிடந்து வீணாகும். ஆனால் ஒரு மனிதக் கை அந்தக் கதிரைப் பறித்தால்?

தினையின் தாய் பச்சை நரிவால் என்ற காட்டுப் புல். வட சீனத்தில் மஞ்சள் ஆற்றுப் பகுதியில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அதைப் பயிராக்கத் தொடங்கிவிட்டார்கள். கதிர் கொய்யப் போனபோது, உதிரும் கதிரின் மணிகள் பாதி வழியிலேயே சிந்தின. உதிராத கதிரின் மணிகள்தான் கூடையில் வீடு சேர்ந்தன. அடுத்த மழைக்கு விதைத்ததும் அவற்றைத்தான். யாரும் திட்டமிடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கொய்த கைகளே உதிராத கதிரைத் தேர்ந்தெடுத்தன.

அந்த மாற்றத்தின் ஒரு தடத்தை அமெரிக்காவின் டொனால்ட் டான்ஃபோர்த் தாவர அறிவியல் மைய ஆய்வாளர்கள் 2020-ல் கண்டு சொன்னார்கள். சுமார் 600 பச்சை நரிவால் செடிகளின் மரபணுத் தொகுதிகளைப் படித்து, மணி உதிர்வதோடு தொடர்புடைய ஒரு மரபணுவை அவர்கள் அடையாளம் கண்டார்கள். அதைச் செயலிழக்கச் செய்தால் காட்டுப் புல்லிலும் மணி உதிர்வது குறைகிறது. தினையில் அதே மரபணு, இடம்விட்டு இடம் தாவும் ஒரு டி.என்.ஏ. துண்டு நடுவில் புகுந்ததால் ஏற்கெனவே முடங்கிக் கிடந்தது. எண்ணாயிரம் ஆண்டு வேளாண்மை காம்பின் ஒரு சிறு இணைப்பில் எழுதி வைத்திருந்ததை அவர்கள் இப்போது வாசித்திருக்கிறார்கள்.

இங்கேதான் நமக்கே உரிய ஒன்று எனக்குத் தோன்றியது. சங்கப் பாடல்களில் தினைப்புனத்தை ஏன் காவல் காக்கிறார்கள்? பரண் கட்டி, தட்டை, குளிர், தழல் என்ற கிளி ஓட்டும் கருவிகளையும் கவணையும் எடுத்துக்கொண்டு, ஓர் இளம்பெண் பகல் முழுவதும் கிளி ஓட்டுகிறாள். ஐங்குறுநூற்றில் கபிலர் கிளிக்கென்றே ஒரு பத்துப் பாடியிருக்கிறார். காட்டு நரிவாலுக்கு இந்தக் காவல் தேவையில்லை. அதன் மணிகள் ஒன்றிரண்டாக முற்றி, ஒன்றிரண்டாக உதிர்ந்து மண்ணில் மறைந்துவிடும். தினையோ ஒரே காலத்தில் முற்றி, அத்தனை மணிகளையும் கதிரிலேயே ஏந்தி நிற்கிறது. மலைக் கிளிகளுக்கு அது பந்தி விரித்த மாதிரி. அதனால் காவல் தேவைப்பட்டது. காவல் இருந்ததால் பரண் வந்தது. பரணில் தனியே அவள் இருந்ததால் அவன் வந்தான். கதிர் கொய்து, தாள் மட்டும் இருவியாக நின்றபோது காவலும் முடிந்தது. அவளை வீட்டில் வைத்துவிட்டார்கள். அவன் வெறும் புனத்தைப் பார்த்துத் திகைத்து நின்றான். வள்ளி காத்ததும் இப்படி ஒரு புனத்தைத்தான். தினை உதிராமல் நின்றிராவிட்டால் குறிஞ்சியின் எத்தனை பாட்டுகள் நமக்குக் கிடைக்காமல் போயிருக்கும்! தினைக் கதிருக்குக் 'குரல்' என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. பேசுவதும் குரல், விளைந்ததும் குரல். பேசும் குரல்களை அந்தப் பாட்டுகளில் சேர்த்து வைத்ததில் விளைந்த குரலுக்கும் பங்கு உண்டு.

மணியைப் பிடித்து வைத்ததோடு தினையின் குணம் முடிந்துவிடவில்லை. அதற்கு வெயிலைத் தாங்கும் உடம்பு உண்டு. நெல்லும் கோதுமையும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுப்பதற்கு இலைத்துளைகளை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். திறந்தால் நீரும் ஆவியாகிப் போகும். தினை அந்த வாயுவை முதலில் வெளி அறைகளில் பிடித்து, இலை நரம்பைச் சுற்றிய உள் அறைகளுக்குள் செறிவாக அனுப்பி, அங்கே சமைத்துக்கொள்கிறது. அதனால் துளைகளைச் சிறிதளவே திறந்தால் போதும். ஒரு கிராம் உலர்ந்த பயிராக வளர கோதுமைக்குச் சுமார் 510 கிராம் தண்ணீரும் மக்காச்சோளத்துக்கு 470 கிராமும் தேவைப்பட, தினைக்கு 257 கிராம் போதும் என்கிறது ஒரு கணக்கு. ஆடிப் பட்டத்தில் விதைத்தால் மூன்று மாதத்துக்குள் அறுவடை. வளம் குறைந்த மேட்டு நிலத்திலும் வரும். 100 கிராம் தினையில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் அது நம் அடுப்பிலிருந்து ஏன் விலகியது என்று கேட்டால், அந்த ஆசிரியையின் அம்மாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன். தினையின் உமி இறுக்கமானது. உரலில் போட்டு, குத்தி, புடைத்து, மீண்டும் குத்தி அரிசியாக்குவதற்குள் தோள் கழன்றுவிடும். அந்த உழைப்பு முழுவதும் பெண்களின் தலையில்தான் இருந்தது. குத்தாமலே உலைக்குப் போகும் அரிசி மலிவாகக் கிடைத்தபோது அவர்கள் உலக்கையைச் சாத்தி வைத்ததில் எந்தத் தவறும் இல்லை. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. மலைக் கிராமங்களில் உமி நீக்கும் எந்திரங்கள் வந்த இடங்களில் தினை மெல்ல வயலுக்குத் திரும்புகிறது. தினையைப் போற்றுகிற நாம், அந்த எந்திரம் இன்னும் போய்ச் சேராத ஊர்களையும் நினைக்க வேண்டும். பாட்டிகளின் தோள் வலியைக் கொடுத்து நம் ஆரோக்கியத்தை வாங்கக் கூடாது.

இனி அந்தப் பேத்திக்குப் பதில்.

கண்ணு, உங்கள் வேலியோரம் நிற்பது தினை இல்லை. தினைக்குச் சித்தி முறை என்று வைத்துக்கொள். அது பிள்ளைகளை மண்ணில் விட்டுவிடும். தினை, பறிக்க ஒரு கை வரும் என்று நம்பிப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கை வராத வருடம் தினைக்கு நல்ல வருடம் இல்லை. உன் பாட்டியின் அம்மா கொல்லிமலை அடிவாரத்தில் கொய்ததும், கொய்ததில் ஒரு பங்கை விதைக்கு வைத்ததும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிய வேலைதான். அடுத்த ஆடியில் பாட்டியிடம் ஒரு பிடி விதைத் தினை வாங்கித் தரச் சொல். வேலியோரப் புல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு பாத்தி கட்டி விதை. இரண்டும் முற்றியதும் இரண்டையும் உள்ளங்கையில் தட்டிப் பார். நான் இவ்வளவு நேரம் எழுதியதை உன் கை ஒரு நொடியில் தெரிந்துகொள்ளும். கிளி வந்தால் விரட்டு. ஆனால் ஒரு கதிரை அதற்கென்று விட்டுவிடு.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மழை ஓய்வதற்குள் உங்கள் தெருவோரம், மொட்டைமாடித் தொட்டி, ரயில் நிலைய நடைமேடை ஓரம் என்று எங்காவது ஒரு வால் கதிர் கண்ணில் படும். பிடுங்குவதற்கு முன் ஒரு முறை நீவிப் பாருங்கள். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று பெரியவர்களைக் கேளுங்கள். மாடு மேய்த்தவர்களையும் களை எடுத்தவர்களையும் கட்டாயம் கேளுங்கள். புத்தகங்களில் ஏறாத பெயர்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. அந்தப் பெயரையும் ஊரையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வருகிறவற்றைத் தொகுத்து வெளியிட ஆசை. கதிர் அனுப்புகிறவர்கள் உறையை நன்றாக ஒட்டி அனுப்புங்கள். மணிகள் சிந்திவிடும்.

என் மேசையில் உருண்ட மணிகளை அலுவலக வாசலில் இருக்கும் மண்தொட்டியில் தூவியிருக்கிறேன். வெறுங்கதிர் பேனாக்களோடு நிற்கிறது. முளை விட்டதும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்